ரூபாவுக்குப் பன்னிரண்டு சதம்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு பேச்சு. கோறணமேந்து என்றது அரசாங்கத்தை. அரசாங்க உத்தியோகத்தின்மேல் எழுந்த இந்த மோகத்துக்குச் சம்பளத்தின் அளவு முழுக் காரணமாகாது. இளைப்பாறிய பின்னரும் மாதந்தோறும் வீடு தேடி வரும் பென்சன் பணமே அதன் பெருங் காரணம். உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பென்சன் வழங்குதற்கென 1898 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. உத்தியோகத்தரின் பென்சனை வரையறுக்கும் பிரமாணக் குறிப்பு 1901 ஆம் ஆண்டுக்கு உரியது. மலாயாவுக்குச் சென்று றெயில்வேயிலும் பிற பகுதிகளிலும் சேவித்து ஊர் திரும்பியோருக்குக் கடல் கடந்தும் பென்சன் வந்தது. மலாயன் பென்சனியர் என்பது அவர்கள் பெயருக்கு முன்னே நிற்கும் பட்டமாகவே ஊரில் வழங்கிற்று.

அதே காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் இலட்சக்கணக்கான தமிழர் வேலை செய்தனர். அவர்களுடைய முதுமைக்கு ஏற்பாடு யாது? செக்ரோல் என்னும் பேரேட்டில் பெயர் உள்ளவரையில் கூலி உண்டு. பெயர் வெட்டப்பட்ட அன்றே கூலி நின்றுவிடும். லயத்துக் காம்பராவும் வேலையோடு ஒட்டியதே. மகனோ மகளோ தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் முதியவர் அவர்களோடு ஒதுங்கியிருக்கலாம். சேமிப்பு என்ற சொல்லுக்கே அங்கு இடமிருந்ததில்லை. கங்காணியிடம் பெற்ற முன்பணமும், ஒரு தோட்டத்துக் கடனை மறு தோட்டத்துக்குச் சுமத்தும் துண்டு முறையும், சேமிப்புக்கு நேர் எதிரான ஒரு கணக்கையே தொழிலாளியின் தலையில் ஏற்றி வைத்தன. துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நீண்ட காலம் உழைத்த ஒருவருக்குத் துரை மனமுவந்து எதையேனும் கொடுத்தால் அதற்குச் சந்தோசம் என்று பெயர். கொடுத்தால் சந்தோசம், கொடாவிடில் கேட்க வழியில்லை.

பென்சன் என்பது அரசாங்கத்துக்கு இலகுவானது. அரசாங்கம் அழிவதில்லை, வரி வாங்குகின்றது, இன்றைய வரியிலிருந்து நேற்றைய ஊழியருக்குப் படியளக்கின்றது. தனியார் கம்பெனிக்கு அவ்வசதி இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது இருக்குமோ இராதோ யாரறிவார்? ஆகவே, உழைக்கும் காலத்திலேயே மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, கம்பெனியின் பணப்பெட்டிக்கு வெளியே வேறொருவர் காவலில் வைத்தல் என்னும் முறை உருவாயிற்று. ஆங்கிலத்தில் புரொவிடன்ட் பண்ட் என்பர். இந்தியாவில் தமிழர் இதனை வருங்கால வைப்பு நிதி என்கின்றனர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சேமநிதி என்பது வழக்கு. இலங்கையில் சேமலாப நிதி என்று பெயராயிற்று. மூன்று பெயர்களுள் இலங்கையின் பெயரில் மாத்திரமே லாபம் என்ற சொல் உண்டு. அந்த லாபம் யாருடையது என்ற வினாவே இந்நிதியின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றது.

தொடக்கத்தில் பெரிய வர்த்தக நிலையங்களும் தோட்டத் துரைமாரும் தத்தம் உத்தியோகத்தருக்கென இத்தகைய நிதிகளைத் தாமாகவே வைத்திருந்தனர். அவை நல்லனவே. ஆயினும் இந்தியாவிலும் பிறவிடங்களிலும் நிலவிய பழைய நிதி விதிகளில் ஒரு முள் இருந்தது. குற்றம் சாட்டி வேலையினின்றும் நீக்கப்பட்டவனுக்கு அவன் தானே இட்ட பணம் திரும்பக் கிடைக்கும். முதலாளி இட்ட பணம் கிடையாமற் போகலாம். முதலாளியின் பங்கு நன்னடத்தைக்கு ஈந்த பரிசு என்பதே அக்காலத்துக் கருத்து. பரிசாயின், கொடுத்தவன் மீட்டுக்கொள்ளலாம் அன்றோ?

உலகப் போருக்குப் பின் இக்கருத்து மாறலாயிற்று. மலாயாவில் 1951 ஆம் ஆண்டிலும், இந்தியாவில் 1952 ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 1955 ஆம் ஆண்டிலும் கட்டாய நிதிகள் ஏற்பட்டன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழிலாளிக்கு நூற்றுக்கு 5, முதலாளிக்கு நூற்றுக்கு 5 என்று தொடங்கினர். இந்தியாவில் இருசாராருக்கும் நூற்றுக்கு ஆறேகால் வீதம் விதிக்கப்பட்டது. ஆறேகால் என்பது கேட்பதற்கு விசித்திரமாய்த் தோன்றும். பதினாறு அணா ஒரு ரூபாவாக இருந்த காலம் அது. ரூபாவுக்கு ஓரணா என்றால் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொள்வான்.

இலங்கையின் சட்டம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். அந்த ஆண்டு தமிழர் மனத்தில் இனக் கலவரத்தின் ஆண்டாகவே பதிந்துவிட்டது; அதில் வியப்பில்லை. அதே ஆண்டில், இனமும் மொழியும் பாராமல் நாட்டின் கூலிக்காரர் யாவருக்கும் பொதுவானதொரு சட்டம் இயற்றப்பட்டது என்பதை நினைப்பவர் குறைவு. அப்போது தொழில் அமைச்சராயிருந்தவர் ரீ. பி. இலங்கரத்ன. அவர் சிங்களத்தில் நாவல் எழுதியவர். அதற்கு முன் அரசாங்க எழுதுவினைஞர். எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராயிருந்து 1947 ஆம் ஆண்டு பொது வேலைநிறுத்தத்தில் முன்னின்றமையால் உத்தியோகத்தை இழந்தார். அவ்வேலைநிறுத்தத்தின்போது யூன் மாதத்தில் பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். பென்சன் உள்ள உத்தியோகத்தைப் பறிகொடுத்த ஒருவரே பதினொரு ஆண்டுகள் கழித்துப் பென்சன் இல்லாதோருக்கான சட்டத்தைக் கொண்டுவந்தார்.

சட்டத்தின் ஏற்பாடு சிக்கலற்றது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 4 கழிக்கப்படும். அதனோடு முதலாளி தம் கையிலிருந்து நூற்றுக்கு 6 சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக முதலாளியே நிதிக்கு அனுப்ப வேண்டும். நிருவாகம் தொழில் ஆணையாளரிடம். பணத்தின் காவல் மத்திய வங்கியிடம். ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் தனிக் கணக்கு, ஆண்டுதோறும் வட்டி. ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பணத்தை முழுவதாய்ப் பெறலாம். நிரந்தர அங்கவீனம் நேர்ந்தாலும், நாட்டைவிட்டு நிரந்தரமாய் நீங்கினாலும், பெண் விவாகத்தின் பொருட்டு வேலையை விட்டாலும் முன்னதாகவே பெறலாம். இறந்தால் அவர் நியமித்த உரித்தாளிக்குச் சேரும். வேலையிலிருந்து விலக்கப்பட்டாலும் முதலாளியின் பங்கு முதலாளியிடம் திரும்பிச் செல்லாது. பழைய முள் பிடுங்கி எறியப்பட்டது. தற்காலிகத் தொழிலாளியும் துண்டுக் கணக்கில் கூலி பெறுவோரும் வேலைக்கு வந்த நாள் தொட்டே நிதிக்கு உரியர். வீட்டு வேலைக்காரர் மாத்திரம் இச்சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

வீதங்கள் பின்னர் ஏறின. 1971 ஆம் ஆண்டில் 6 உம் 9 உம் ஆயின. 1981 ஆம் ஆண்டில் 8 உம் 12 உம் ஆயின. நாலுக்கு ஆறு, ஆறுக்கு ஒன்பது, எட்டுக்குப் பன்னிரண்டு. தொழிலாளி இரண்டு சதம் இட்டால் முதலாளி மூன்று சதம் இடவேண்டும் என்ற விகிதம் மூன்று முறையும் குலையாமல் நின்றது. இதற்கு மேலாக, 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கை நிதி என்ற வேறொன்றும் ஏற்பட்டது. அதற்கு முதலாளி மட்டுமே நூற்றுக்கு 3 செலுத்துவார்.

ஒரு கணக்கு. மாதம் 50,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரிடம் 4,000 ரூபா கழிக்கப்பட்டு 46,000 ரூபா கைக்கு வரும். முதலாளி சேர்ப்பது 6,000 ரூபா. ஆகவே மாதம் 10,000 ரூபா சேமலாப நிதிக்குச் செல்லும். நம்பிக்கை நிதிக்குரிய 1,500 ரூபாவையும் கூட்டினால், அந்த ஊழியருக்காக முதலாளி செலவிடுவது 57,500 ரூபா. முதலாளி ஒரு மனிதரை வேலைக்கு வைக்கும்போது மனத்தில் வைத்து எண்ணுவது இந்தத் தொகையையே. ஊழியர் தம் சம்பளமாக எண்ணுவது 50,000 ரூபாவை. கண்ணாற் காண்பது 46,000 ரூபாவை. நடுவே நிற்கும் பணத்தை அன்பளிப்பு என்று கூறுவார் கணக்கை அரைகுறையாகப் பார்ப்பவர். அதுவும் அந்த மாதத்து உழைப்பின் விலையே. கையிற் சேரும் நாள் மட்டும் பிந்தியது. இதனாலேயே முதலாளி தம் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. அடுத்த மாத முடிவுக்குள் பணம் சேராவிடில் நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் ஏறும். நீதவான் மன்றத்தின் மூலமாகவும் அறவிடலாம். பிறருடைய பணத்தைத் தாமதித்து வைத்திருந்ததற்கு உரிய தண்டம் அது.

தோட்டத் தொழிலாளிக்கு இந்நிதி வந்து சில ஆண்டுகளுள் 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வதென்றும் 3,00,000 பேர் இலங்கைப் பிரசைகளாவதென்றும் இரு அரசாங்கங்களும் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 ஆம் ஆண்டிலேயே தீர்ந்தது. அவ்வொப்பந்தத்தில், செல்வோர் தம் உடைமைகளை, சேமலாப நிதியும் உபகாரப் பணமும் உட்பட, எடுத்துச் செல்ல இலங்கை அரசாங்கம் அனுமதிக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவிற்குக் கீழே குறைப்பதில்லை என்றும் வாக்களிக்கப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பத்துக்கு நிலமில்லை, வீடில்லை, லயம் தோட்டத்துக்குரியது, நட்ட மரமும் தோட்டத்துக்குரியது. மூன்று தலைமுறை உழைப்பில் எண்ணிக் கையில் கொடுக்கக்கூடியதாக மிஞ்சியது பெரும்பாலும் நிதிப் பணமும் உபகாரப் பணமுமே. அதிற் பாதிக்கு மேற்பட்டது முதலாளியின் பங்கு. அது நன்கொடையாய் இருந்திருப்பின் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி பெற்றிராது. இரண்டு நாட்டுப் பிரதம மந்திரிமார் அதனை உடைமை என்று எழுதிக் கையொப்பமிட்டனர். நாட்டைவிட்டு நிரந்தரமாய் நீங்குவோர் முன்னதாகவே பணம் பெறலாம் என்ற விதி, இத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு ஒருமிக்கப் பயன்படும் என்று 1958 ஆம் ஆண்டில் எவரும் எதிர்பார்த்திரார்.

நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது சட்டத்தில் உறுதி. எதனுடைய நூற்றுக்கு என்பதே வழக்கு. மேலதிக நேரக் கூலிக்குப் பங்குப் பணம் இல்லை. அடிப்படைக் கூலிக்கும், வாழ்க்கைச் செலவுப் படிக்கும், விடுமுறைச் சம்பளத்துக்கும், கொடுக்கும் உணவின் பெறுமதிக்கும் உண்டு. கூலியைப் பிரித்துப் பிரித்து வேறு வேறு பெயர் சூட்டினால் நிதிக்குச் செல்வது சுருங்கும். 2016 ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தம் இதற்கு நல்லதோர் உதாரணம். நாட்கூலி 730 ரூபா என்று நாடெங்கும் பேசப்பட்டது. அதில் அடிப்படைக் கூலி 500 ரூபா. வரவுக் கொடுப்பனவு 60 ரூபா. உற்பத்திக் கொடுப்பனவு 140 ரூபா. விலைப் பங்கு 30 ரூபா. இரு நிதிகளுக்கும் முதலாளி செலுத்தும் பங்கு 500 ரூபாவின்மீதே கணக்கிடப்பட்டு 75 ரூபாவாயிற்று. அதனையும் கூட்டி நாட்கூலி 805 ரூபா என்று சிலர் விளம்பரம் செய்தனர். மாதம் இருபத்தைந்து நாள் பேர் விழுந்த ஒரு பெண்ணுக்கு, 500 ரூபாவின்படி சேமலாப நிதியிற் சேருவது இருபாற் பங்கும் கூட்டி 2,500 ரூபா. முழு 730 ரூபாவுக்கும் கணக்கிட்டிருந்தால் 3,650 ரூபா சேர்ந்திருக்கும். மாதம் 1,150 ரூபா வேற்றுமை. கொழுந்தின் நிறையும் வரவும் குறைந்த மாதத்தில் படிகள் கிடையா. கிடைத்த மாதத்திலும் அவை முதுமைக்குச் சேரவில்லை. 2019 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரவுப் படியும் உற்பத்திப் படியும் நீங்கி அடிப்படைக் கூலி 700 ரூபாவாயிற்று. விலைப் பங்கு 50 ரூபா. முதலாளியின் பங்கு 105 ரூபாவாக உயர்ந்தது. மொத்தக் கூலி இருபது ரூபாவே கூடியது என்று குறைகூறியவர்கள் உண்டு. அக்குறை நியாயமானதே. ஆயினும் நிதிக்குரிய கூலி இருநூறு ரூபா கூடியதை அவர்களுட் பலர் கவனிக்கவில்லை.

பணம் யாருடையது என்ற வினா நகரத்திலும் ஒருமுறை வீதிக்கு வந்தது. 2011 ஆம் ஆண்டில் தனியார்துறை ஊழியருக்குப் பென்சன் திட்டமொன்றை அரசாங்கம் முன்வைத்தது. பென்சன் என்ற சொல்லைக் கேட்டு ஊழியர் மகிழ்வர் என்று எண்ணினர் போலும். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் நடந்தது வேறு. அங்குத் தையல் ஆலைகளில் உழைப்போருள் மிகப் பலர் இளம் பெண்கள். சில ஆண்டுகள் வேலை செய்து, விவாகத்தோடு நிதிப் பணத்தைப் பெற்று ஊர் திரும்புவோர். பத்தாண்டுச் சேவை கேட்கும் பென்சன் அவர்களுக்கு எட்டாக்கனி. தமக்கு உடனே உரியதாயிருக்கும் பணத்தைத் தமக்கு என்றும் வாராத பென்சனுக்காக விட்டுக்கொடுக்க அவர்கள் மறுத்தனர். மே மாதம் 30 ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர், பொலிசார் சுட்டனர், இளைஞர் ஒருவர் உயிர் துறந்தார். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். திட்டம் கைவிடப்பட்டது. இந்தியாவில் 1995 ஆம் ஆண்டு முதல் முதலாளியின் பங்கிலிருந்து நூற்றுக்கு 8.33 பென்சன் நிதிக்குத் திருப்பப்பட்டு வருகின்றது. முதுமையில் ஒருமிக்கத் தொகை பெறுவது நன்றா, மாதாமாதம் பெறுவது நன்றா என்பது அறிஞர்க்கும் தீராத விவகாரம். ஒருமிக்கப் பெற்ற தொகை மகளின் சீதனத்திலும் மகனின் கடனிலும் ஓராண்டுக்குள் கரைந்து போவதை மலையகத்திலும் நகரத்திலும் காணலாம். எனினும், உரியவரைக் கேளாமல் அம்மாற்றத்தைச் செய்ய முற்பட்டது பெரும் பிழை.

காவலில் உள்ள பணம் எங்கே இருக்கின்றது? பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டது அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டுத் திறைசேரி முறிகளாக இருக்கின்றது. முதலாளி ஓடிப்போனாலும் பணம் ஓடாது என்பது இதன் நன்மை. அரசாங்கத்துக்கே இடர் வந்தால் என்னாகும் என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டுக்கு நிதி கொடுத்த வட்டி நூற்றுக்கு 9. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு எழுபதளவாயிருந்தது. எண்ணிக்கையில் ஒரு சதமும் குறையாமல், பணத்தின் வலிமை மாத்திரம் உருகிற்று. 55 வயது நிரம்பி அவ்வாண்டில் பணம் பெற்றவருக்கு, முப்பதாண்டுச் சேமிப்பு கூரைத் தகட்டுக்கும் சீமெந்துக்கும் போதாமற்போயிற்று. 2023 ஆம் ஆண்டில் அரசாங்கம் தன் கடன்களைச் சீர்ப்படுத்தியபோது இந்நிதியின் முறிகளும் நீண்ட தவணை முறிகளாக மாற்றப்பட்டன. வட்டி நூற்றுக்கு 9 இற்குக் குறையாது என்று உறுதி கூறப்பட்டது.

இத்தனை தடைகளையும் கடந்து பணம் கணக்கிற் சேர்ந்த பின்னும் மலைநாட்டில் ஒரு சிறு தடை மிஞ்சுகின்றது. அது பெயர். தோட்டத்துக் கந்தோரில் பெயரை எழுதியவர் ஒருவர். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் எழுதியவர் மற்றொருவர். ஆள் அடையாள அட்டையில் எழுதியவர் வேறொருவர். ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஒருவர் சிங்களத்தில் எழுதினார். முத்தாயி ஓரிடத்தில் முத்தையா ஆனாள். கருப்பாயி இன்னோரிடத்தில் கருப்பையா ஆனாள். தந்தை பெயர் முன்னே நின்றது, மற்றோரிடத்தில் பின்னே நின்றது, வேறோரிடத்தில் இல்லாமலே போயிற்று. ஐம்பது வயதில் வேலையினின்றும் விலகிய பெண், கே படிவத்தை நிரப்பிக்கொண்டு தொழிற் கந்தோருக்குச் சென்றால், இப்பெயர்கள் யாவும் ஒருத்தியையே குறிக்கும் என்பதற்குச் சாட்சி கேட்கப்படும். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி, தோட்டத்துத் துரையிடம் ஒரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்கூலியும் பஸ் கட்டணமும் செலவாகும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அடையாள அட்டையில் உள்ளவாறு தம் பெயரை எழுதுவித்து, உரித்தாளியின் பெயரையும் பதிவித்து, அங்கத்துவ இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. ஆண்டுக் கணக்குத் துண்டு வரும்போது அதில் உள்ள பெயரையும் தொகையையும் பிள்ளையைக்கொண்டு வாசித்துப் பார்க்கும் வழக்கம் தோட்டங்களில் இப்போது பரவி வருகின்றது. எட்டும் பன்னிரண்டும் இருபது என்று கூட்டத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் உண்டு.